பட்டறையின் முதற்கருவி

கருவியைப் போற்றாத கைத்தொழிலாளர் எவரும் இலர். தச்சர் நாள்தோறும் உளியைத் தீட்டுகிறார். பொற்கொல்லர் சிறு தராசைத் துடைத்துப் பேழையில் வைக்கிறார். நெசவாளர் தறியின் கட்டுகளைப் பார்த்துச் சரிசெய்த பின்னரே நாடாவைக் கையில் எடுக்கிறார். ஆயினும், இக்கருவிகள் அனைத்திற்கும் முற்பட்ட கருவி ஒன்று உண்டு. அஃது இல்லையேல் கூரிய உளியும் வழி தவறும். நேரிய தராசும் பயன்படாது. அக்கருவியே ஒளி. பெட்டியில் வைத்துப் பூட்டும் பொருள் அன்று ஆதலின், பலர் ஒளியைக் கருவியாக எண்ணுவதே இல்லை. பட்டறை அமைக்கும்போது மேசைக்கு இடம் பார்ப்பர். எந்திரத்திற்கு இடம் பார்ப்பர். மரம் அடுக்குவதற்கும் இடம் பார்ப்பர். விளக்கை மட்டும் எல்லாம் முடிந்த பின்னர் நினைப்பர். கூரையின் நடுவே ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் போதும் என்று அமைந்துவிடுவர். அந்த ஒரு விளக்கினால் விளையும் இடர்கள் பல.

நம் நாட்டுக் கைத்தொழில்களுள் பல, பெரிய ஆலைகளில் அன்றி, இல்லங்களிலேயே நடைபெற்று வருகின்றன. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி வீட்டின் உள்ளேயே இருப்பதைக் காணலாம். பொற்கொல்லர், தையற்காரர், தச்சர் முதலியோருள்ளும் வீட்டின் ஒரு பகுதியைப் பட்டறையாகக் கொண்டவர் மிகுதி. மின்விளக்கு வருவதற்கு முன் இவர்களுக்கு ஞாயிறே விளக்கு. ஆதலால், வேலைக்கேற்ற ஒளியைத் தேடிச் சென்று அமர்ந்தனர். பொற்கொல்லர் தெருவாயிலை ஒட்டித் தம் உமியோட்டை வைத்தார். தையற்காரர் திண்ணையில் எந்திரத்தை இட்டார். ஓட்டு வீட்டில் உள்ளறை இருண்டிருந்தால், கூரையில் இரண்டொரு கண்ணாடி ஓடுகளைப் பதித்தனர். ஐரோப்பாவில் சரிகைப் பின்னல் பின்னிய மகளிர், தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருண்டையை மெழுகுவத்திக்கு முன்னே வைத்து, அதன் ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, இரவில் வேலை செய்தனர். இவர்கள் ஒளிநூல் பயின்றவர் அல்லர். எனினும், வேலை எங்கே நடக்கிறதோ அங்கே ஒளி விழவேண்டும் என்னும் உண்மையை நன்கு அறிந்திருந்தனர்.

1879 ஆம் ஆண்டில் எடிசன் நெடுநேரம் எரியும் மின்னிழை விளக்கைச் செய்து காட்டினார். அதன்பின் மின்னொளி படிப்படியாக நகரங்களிலும், பின்னர்ச் சிற்றூர்களிலும் பரவியது. பொத்தானைத் தட்டிய அளவில் அறை முழுவதும் ஒளி பெற்றது. இஃது அரியதொரு வசதி. ஆனால், இவ்வசதியே ஒரு மறதியையும் உண்டாக்கிவிட்டது. அறை வெளிச்சமாக இருந்தால் வேலையும் வெளிச்சத்தில் நடப்பதாகவே மக்கள் எண்ணினர். அறைக்கு வேண்டிய ஒளி வேறு. வேலைக்கு வேண்டிய ஒளி வேறு. இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

சிற்றூர்த் தச்சர் ஒருவர், வீட்டின் பின்புறத்து அறையைப் பட்டறையாக ஆக்கிக்கொண்டார் எனக் கொள்க. அறையின் நீளம் 4 மீட்டர். அகலம் 3 மீட்டர். நீண்ட சுவரை ஒட்டி வேலைமேசை இருக்கிறது. மற்றொரு பக்கத்தில் மின்விசையால் சுழலும் வட்ட ரம்பம் இருக்கிறது. கூரையின் நடுவே, தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில், ஒரு மின்விளக்கு தொங்குகிறது. பகலில் வாயிலருகே வேலை செய்பவர், மாலையில் விளக்கை ஏற்றிக்கொண்டு மேசைக்கு வருகிறார். தேக்குப் பலகையில் மூலைமட்டத்தை வைத்துக் கோடு கிழிக்கிறார். அவர் சுவரை நோக்கி நிற்கிறார்; விளக்கோ அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய தலையும் தோளும் பலகையின்மேல் நிழலாய் விழுகின்றன. அவர் குனியக் குனிய நிழலும் உடன் குனிகிறது. விளக்கின் அடியில் இருள் என்னும் பழமொழி அங்கே மெய்யாகிறது. கோட்டின் இப்புறம் அறுக்க வேண்டிய ரம்பம் அப்புறம் அறுத்துவிடுகிறது. கழுந்து மெலிந்துபோகிறது, துளையில் பொருந்தாமல் ஆடுகிறது. விலையுயர்ந்த மரமும் ஒரு மாலைப்பொழுதும் வீணாகின்றன.

இக்குறை தச்சருடைய கைத்திறத்தில் உள்ளது அன்று. அவருடைய கண்ணுக்கு வேண்டிய ஒளி கிடைக்கவில்லை. ஒளி குறைந்தால் கண்ணின் பாவை விரிகிறது. நுண்ணிய கோடுகள் தெளிவை இழக்கின்றன. மங்கலான ஒளியில் வேலை செய்வதால் கண் அடியோடு கெட்டுவிடும் என்று சிலர் கூறுவது பொருந்தாது. ஆனால், கண் களைப்படைகிறது, தலை வலிக்கிறது, கழுத்து வளைந்து நோகிறது, தவறுகள் பெருகுகின்றன. வயதும் இதில் பெரும் பங்கு கொள்கிறது. நாற்பதைக் கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணின் பாவை சுருங்குகிறது. உள்ளிருக்கும் வில்லை பழுப்பேறுகிறது. இருபது வயது இளைஞனுடைய விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயது முதியவருடைய விழித்திரையை அடைகிறது. ஆதலால், மகனுக்குப் போதுமான விளக்குத் தந்தைக்குப் போதாது. பட்டறைக்கு ஒளி அமைப்பவர், அங்கு வேலை செய்பவருள் மூத்தவருடைய கண்ணையே அளவாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஒளியை அளப்பதற்கு அளவைகள் உள்ளன. ஒரு விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்னும் அளவையால் குறிப்பர். அந்த ஒளி ஒரு பரப்பின்மேல் எவ்வளவு செறிவாக விழுகிறது என்பதை லக்ஸ் என்னும் அளவையால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு லூமென் ஒளி பரவி விழுந்தால், அது ஒரு லக்ஸ் ஆகும். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுதான். நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். பட்டறை வேலைக்கு வேண்டிய ஒளி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. தச்சு மேசையில் பொருத்துதல், ஒட்டுதல் முதலிய வேலைகளுக்கு 300 லக்ஸ் வேண்டும். மர எந்திரங்களில் செய்யும் வேலைக்கு 500 லக்ஸ் வேண்டும். மெருகிடுவதற்கு 750 லக்ஸ் வேண்டும். நகை செய்வதற்கு 1000 லக்ஸும், கைக்கடிகாரம் செய்வதற்கு 1500 லக்ஸும் வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் தொழிலிட ஒளித்தரங்களில் இவ்வளவுகளே கூறப்பட்டுள்ளன. வேலை நுண்மையாக ஆக, ஒளியும் மிகுதல் வேண்டும் என்பது இவற்றால் விளங்கும்.

முன்னர்க் கூறிய தச்சரின் பட்டறையில் உள்ள ஒளி எவ்வளவு? பழைய 60 வாட் இழைவிளக்கு ஏறத்தாழ 700 லூமென் ஒளியையே தந்தது. அது நாற்புறமும் சிதறிச் செல்வதால், மேசை உயரத்தில், விளக்கிற்கு நேர் கீழேயே 25 லக்ஸ் அளவுதான் நேராக வந்து விழும். சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒளியைச் சேர்த்தாலும் வேண்டிய அளவில் பெரும்பகுதி குறைகிறது. இழைவிளக்கை நீக்கி 9 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டினால் என்ன ஆகும்? அதுவும் ஏறத்தாழ அதே ஒளியையே தருகிறது. மின்செலவு குறையுமேயன்றி, மேசையின் இருளும் நிழலும் குறையமாட்டா. விளக்கை மாற்றுவது வேறு. ஒளியைத் திட்டமிடுவது வேறு.

திட்டமிடும் முறை கடினமானது அன்று. அறையின் பரப்பு 12 சதுர மீட்டர். எங்கும் 300 லக்ஸ் வேண்டுமாயின், 12ஐ 300ஆல் பெருக்க 3600 லூமென் வரும். ஆனால், விளக்கு வெளியிடும் ஒளி முழுவதும் வேலைப்பரப்பை அடைவதில்லை. ஒரு பகுதியைச் சுவர்கள் விழுங்குகின்றன. ஒரு பகுதியைத் தூசி மறைக்கிறது. விளக்கும் நாளடைவில் மங்குகிறது. ஆதலால், நூற்றுக்கு அறுபது பங்கே பயன்படும் என்று கொள்ளுதல் நலம். அவ்வாறாயின், 6000 லூமென் ஒளி வேண்டும். 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று ஏறத்தாழ 2000 லூமென் தரும். எனவே, மூன்று குழல்விளக்குகள் போதும். இம்மூன்றும் சேர்ந்து 60 வாட் மின்னாற்றலையே கொள்கின்றன. முன்பு ஒரே ஓர் இழைவிளக்கு எரிந்த செலவில் இன்று பட்டறை முழுவதும் ஒளி பெறுகிறது. இழைவிளக்கு, தான் பெற்ற ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் வெப்பமாகவே வீணாக்கியது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்ததே வெள்ளொளி எல்.இ.டி. விளக்கிற்கு வழிகோலியது. அதனைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டில் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

எண்ணிக்கை கிடைத்துவிட்டது. விளக்குகளை எங்கே மாட்டுவது? இதுவே கணக்கினும் இன்றியமையாத வினா. மேசையின் முன் நிற்பவருடைய தலைக்குப் பின்னால் விளக்கு இருத்தல் ஆகாது. தலைக்கும் சுவருக்கும் இடையே, மேசையின் முன்விளிம்பிற்கு நேர் மேலே இருத்தல் வேண்டும். அப்போது ஒளி, தலையைத் தாண்டி வராமல், நேரே கைகளின்மேல் விழும். இரண்டு குழல்விளக்குகளை மேசையின் நீளவாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தால், இடப்புற விளக்கு உண்டாக்கும் நிழலை வலப்புற விளக்கு நிரப்பும். வலப்புற விளக்கின் நிழலை இடப்புற விளக்கு நிரப்பும். குண்டுவிளக்கு ஒரு புள்ளியிலிருந்து ஒளி வீசுவதால் அதன் நிழல் கத்திபோல் கூர்மையாக விழுகிறது. நீண்ட குழல்விளக்கின் நிழலோ மென்மையாகக் கரைகிறது. மூன்றாவது விளக்கு, வட்ட ரம்பத்தின் மேல், அதன் பற்களும் பலகையைத் தள்ளும் கைகளும் ஒருங்கே தெரியுமாறு அமைதல் வேண்டும்.

நுண்ணிய வேலைக்கு மேசைமேல் வளையும் கையுடைய சிறு விளக்கு ஒன்றும் தேவை. கூரை விளக்குகளைப் பெருக்குவதைக் காட்டிலும், ஒரு விளக்கை அருகே கொணர்வது மிகுந்த பயன் தருகிறது. இதற்குக் காரணம் ஓர் இயற்கை விதி. 1604 ஆம் ஆண்டில் கெப்ளர் என்னும் வானநூலறிஞர் இதனை எடுத்துரைத்தார். சிறு விளக்கின் தொலைவு இரண்டு மடங்கானால் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகிறது. தொலைவு மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகிறது. ஒரு மீட்டர்த் தொலைவில் 400 லக்ஸ் தரும் விளக்கு, இரண்டு மீட்டரில் 100 லக்ஸே தரும். அதனையே அரை மீட்டருக்குக் கொணர்ந்தால் 1600 லக்ஸ் தரும். வலக்கையால் வேலை செய்பவர் இவ்விளக்கை இடப்பக்கத்தில் வைத்தல் வேண்டும்; இடக்கைப் பழக்கம் உடையவர் வலப்பக்கத்தில் வைத்தல் வேண்டும். இல்லையேல், கருவி பிடித்த கையே கோட்டை மறைத்துவிடும்.

நிழல் எப்பொழுதும் பகையன்று. அதனைத் துணையாகக் கொள்ளும் இடமும் உண்டு. இழைப்புளியால் சீவிய பலகையை மேலிருந்து விழும் ஒளியில் பார்த்தால் எங்கும் ஒரே சமமாகத் தோன்றும். சிறு விளக்கைத் தாழ்த்திப் பலகையின் ஓரத்திலிருந்து சாய்வாக ஒளி வீசச் செய்தால், ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் பக்கத்தில் வீழ்த்தும். இழைப்புளி விட்ட வரிகளும், உப்புத்தாள் விட்ட கீறல்களும் அப்போது ஒளிந்துகொள்ள இயலா. வார்னிஷ் பூசுவதற்கு முன் இவ்வாறு சோதித்துப் பார்த்தல் நல்ல தச்சருடைய வழக்கம். பூசிய பிறகு தெரியும் குறையைக் களைய மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.

மிகுந்த ஒளியெல்லாம் நல்லொளி ஆகிவிடாது. மூடியில்லாத விளக்கு கண்ணுக்கு நேரே எரிந்தால் கண் கூசும். கூசும் கண் தன் பாவையைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் மேசைமேல் உள்ள பொருள் முன்னிலும் இருண்டு தோன்றும். ஆதலின், விளக்கு தெரியாமல் அதன் ஒளி மட்டும் தெரியுமாறு மறைப்புத் தகடு இடவேண்டும். மேசை மிக ஒளிர்ந்து சுற்றுப்புறம் இருண்டிருப்பதும் தீது. வேலையிலிருந்து நிமிர்ந்து கருவியை எடுக்கத் திரும்பும்போதெல்லாம் கண் இருளுக்குப் பழகவேண்டும். மீளக் குனியும்போது ஒளிக்குப் பழகவேண்டும். நாள் முழுவதும் இவ்வாறு பழகிப் பழகிக் கண் சோர்கிறது. வேலைப்பரப்பின் ஒளி, அடுத்துள்ள இடத்தின் ஒளியைப்போல் மூன்று மடங்கிற்கு மேற்படாமல் இருப்பது நலம். இதற்கு எளிய துணை சுண்ணாம்பு. வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி அனுப்பும். புகையேறிக் கறுத்த சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆண்டிற்கு ஒருமுறை, பொங்கலுக்குச் சுவர் வெள்ளையடிக்கும் நம் வழக்கம், பட்டறைக்கு ஒரு விளக்கைக் கூடுதலாக மாட்டுவதற்கு ஒப்பாகும்.

பகலொளியைப் புறக்கணித்தல் கூடாது. அது விலையின்றிக் கிடைப்பது. ஆயினும், நேர்வெயில் பட்டறைக்கு ஏற்றதன்று. அது கண்ணைக் கூசச் செய்கிறது. மரத்தையும் காயவைத்து வளைக்கிறது. ஆதலால், வடக்கு நோக்கிய பலகணி நன்று என்பர். ஐரோப்பிய ஓவியர்களின் கூடங்களும், ரம்பப் பற்கள் போன்ற கூரையுடைய பழைய ஆலைகளும் வடக்கு நோக்கிய கண்ணாடிகளைக் கொண்டுள்ளமைக்கு இதுவே காரணம். எனினும், தமிழ்நாட்டில் இவ்விதியைச் சற்றுத் திருத்திக் கொள்ளவேண்டும். ஐரோப்பாவில் ஞாயிறு நண்பகலில் எஞ்ஞான்றும் தெற்கே நிற்கும். தமிழ்நாடு வெப்பமண்டலத்தில் இருப்பதால், சென்னையில் ஏப்பிரல் இறுதியில் ஞாயிறு தலைக்கு நேர் மேலே வந்து, பின்னர் வடக்கே சாய்கிறது; ஆகஸ்டு நடுவில்தான் மீண்டும் தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகிறது. ஆதலின், கோடையில் வடக்குப் பலகணியிலும் வெயில் புகும். நீண்ட இறவாரமோ தாழ்வாரமோ இருந்தால் வெயில் தடைப்பட்டு, வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். முன்னோர் கட்டிய வீடுகளின் தாழ்வான இறவாரம் மழைக்கு மட்டும் அமைந்ததன்று என்பது இதனால் புலனாகும்.

ஒளியின் நிறமும் கருதத்தக்கது. பட்டுப்புடைவை வாங்கச் செல்லும் பெண்டிர், கடையின் விளக்கொளியில் கண்டு மனநிறைவு அடையாமல், புடைவையை வாயிலுக்குக் கொணர்ந்து பகலொளியில் விரித்துப் பார்ப்பதுண்டு. அச்செயல் அறிவுடையது. ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோல் தோன்றும் இரு நிறங்கள் மற்றொரு விளக்கின்கீழ் வேறுபட்டுத் தோன்றுதல் கூடும். விளக்குகள் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்பதை 100 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பர். பொதுவான வேலைக்கு 80 போதும். நூலுக்குச் சாயம் தேர்பவரும், மரத்திற்கு வண்ணம் கலப்பவரும் 90க்கு மேற்பட்ட விளக்கையே நாடவேண்டும். இவ்வெண் விளக்கின் உறையில் அச்சிடப்பட்டிருந்தால் பார்த்து வாங்கலாம்.

இனி, உயிருக்கும் உறுப்புக்கும் இடர் செய்யும் ஒரு செய்தியைக் காணவேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் ஒரு நொடியில் 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதனால், சில விளக்குகள் ஒரு நொடியில் 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றன. கண் இதனை உணர்வதில்லை. நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் சக்கரம் ஒரு நொடியில் 25 முறை சுழலும். அடுத்தடுத்த இரு ஒளித்துடிப்புகளுக்கு இடையே அது சரியாகக் கால் சுற்றுச் சுழன்றிருக்கும். அச்சக்கரத்திற்கு நான்கு ஆரங்கள் இருப்பின், ஒவ்வொரு துடிப்பின்போதும் ஓர் ஆரம் இருந்த இடத்தில் மற்றோர் ஆரம் வந்து நிற்கும். காண்பவருக்குச் சக்கரம் அசையாது நிற்பதாகவே தோன்றும்! வேகம் சற்றுக் குறைந்தால், மெல்லப் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும். நின்றுவிட்டது என்று நம்பிக் கைவைத்தால் விளையும் கேட்டைச் சொல்லவேண்டுவதில்லை. பழைய முறைக் குழல்விளக்குகளிலும், மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றிலும் இக்குறை உண்டு. விளக்கின்கீழ் ஒரு வெண்ணிறக் கோலை விரைவாக ஆட்டிப் பார்த்தால், நல்ல விளக்கில் அது தொடர்ந்த விசிறிபோல் தெரியும். துடிக்கும் விளக்கில் தனித்தனிக் கோல்களாகத் தெரியும். அத்தகைய விளக்கைச் சுழலும் எந்திரத்தின் அருகே வைத்தலாகாது.

மின்கம்பி இணைப்பிலும் முன்னெண்ணம் வேண்டும். விளக்குகளையும் எந்திரத்தையும் ஒரே இணைப்பில் வைத்தல் தவறு. மரம் இறுகி ரம்பம் திணறும்போது எந்திரம் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும், காப்பிழை உருகிவிடும். எந்திரத்தோடு விளக்கும் அணைந்துவிட்டால், ரம்பமோ உடனே நிற்பதில்லை. தன் வேகத்தால் சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். இருளில், சுழலும் பற்களுக்கு அருகே, தச்சருடைய இரு கைகளும் இருக்கும். இரண்டிற்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் இவ்விடர் நேராது. தெருவெங்கும் மின்சாரம் நின்றுபோகும் நேரத்திற்கு, மின்கலத்தால் தானே எரியத் தொடங்கும் சிறு விளக்கு ஒன்றை எந்திரத்தின் அருகே மாட்டிவைத்தல் அறிவுடைமை. மண் இணைப்பு, கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி ஆகியவற்றையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அமைத்தல் வேண்டும்.

இவ்வாறு அமைத்த ஒளியையும் பேணாவிடின் நாளடைவில் இழக்க நேரும். தச்சுப்பட்டறையில் மரத்தூள் ஓயாது பறக்கிறது. அது விளக்கின்மேல் படிந்து ஒளியை மறைக்கிறது. சிறிது சிறிதாக மங்குவதால் எவரும் அதனைக் கவனிப்பதில்லை. மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு ஆறிய பின், உலர்ந்த துணியால் மாதம் ஒருமுறை துடைத்தல் வேண்டும். எல்.இ.டி. விளக்கு பழைய விளக்கைப்போல் திடீரென்று அணைந்து தன் முடிவை அறிவிப்பது அரிது. மெல்ல மெல்ல மங்குகிறது. முதலில் தந்த ஒளியில் நூற்றுக்கு எழுபது பங்காகக் குறையும் காலத்தையே அதன் வாழ்நாளாகக் கணக்கிடுவர். ஆதலால், எரிகிறதே என்று வைத்திராமல், மங்கியபோது மாற்றிவிடுதல் நலம்.

எடுத்துக்காட்டில் கண்ட தச்சர் இம்முறைகளைக் கைக்கொண்டால் அவருடைய பட்டறை எவ்வாறு இருக்கும்? சுவர்கள் வெண்மையாக ஒளிர்கின்றன. மேசைக்கு நேர் மேலே இரு குழல்விளக்குகள் எரிகின்றன. ரம்பத்தின் மேல் துடிப்பற்ற விளக்கு ஒன்று, தனி இணைப்பில் எரிகிறது. இடப்பக்கத்தில் வளைகை விளக்குத் தலைகுனிந்து நிற்கிறது. அவர் குனிகிறார், நிழல் குனியவில்லை. கோடு மயிரிழைபோல் தெளிவாகத் தெரிகிறது. ரம்பம் கோட்டை ஒட்டியே செல்கிறது. கழுந்து துளையில் கொட்டாப்புளியின் இரண்டொரு தட்டில் சென்று இறுகுகிறது. கையும் அதே கை. கருவியும் அதே கருவி. மாறியது ஒளி ஒன்றே.

இம்மாற்றத்திற்கு ஆகும் செலவு, வீணாகும் ஒரு தேக்குப் பலகையின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று. இழக்கும் ஒரு விரலின் விலையோடு ஒப்பிடவே இயலாது. அறையின் நடுவிலிருந்து தொடங்காமல், கை எங்கே இயங்குகிறதோ, கண் எங்கே நோக்குகிறதோ, அங்கிருந்து தொடங்கி ஒளியைத் திட்டமிடுதல் வேண்டும். வேலையின் அளவிற்கேற்ற ஒளி, நிழல் தடுக்காத திசை, கண் கூசாத மறைப்பு, துடிப்பற்ற விளக்கு, தனி இணைப்பு ஆகிய ஐந்தும் அமைந்த பட்டறையே முழுமையான பட்டறை. விரலை இழந்த பின்னர் விளக்கை ஏற்றுவதால் பயன் இல்லை. உளியைத் தீட்டும் முன் ஒளியைத் தீட்டிக்கொள்பவரே நல்ல தொழிலாளர்.